ஒன்பதாவது குடம்

இன்றும் அதே கோடு. தண்ணீர் மட்டத்துக்கு நேராகக் கண்ணாடியின் வெளிப்பக்கம் மெழுகுப் பென்சிலை வைத்து இழுக்கப் போனால் அங்கே ஏற்கெனவே ஒரு கோடு இருக்கிறது. நேற்றையது. நேற்றையதும் முந்தாநாளையதின் மேல்தான் விழுந்தது, மூன்று நாளாக ஒரே இடத்தில் இழுத்து இழுத்து அந்தக் கோடு மட்டும் தடித்துவிட்டது. முதல் நான்கு நாள் ஒழுங்காகத்தான் இறங்கியது, நாளுக்கு ஒரு ரூபாய்க் காசின் கனம், கொஞ்சம் கூடக்குறைய. வீட்டில் கேக் தட்டில் ஊற்றி மின்விசிறியைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இந்தக் கண்ணாடித் தட்டு கதவு அகலம், இரண்டு விரல் ஆழம், ஒரு குடம் தண்ணீர் பிடிக்கும், ஏசி ஓடுகிற அறையில் பத்து நாளில் வற்றிவிடும். பத்தாம் நாள் கண்காட்சி முடியும்போது வெறும் தட்டும் பத்துக் கோடும் மிஞ்ச வேண்டும், அதுதான் படைப்பு என்று மிருணாளினியிடம் சொன்னேன். அவள்தான் எங்கள் ஏழு பேரையும் சேர்த்து, இந்த ஆழ்வார்பேட்டைப் பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்து, ‘ஏழு நீர்கள்’ என்று பலகை மாட்டியவள். கேட்டதும் கையைத் தட்டினாள், சூப்பர் மேம் என்றாள். ஏழாம் நாள் மதியம் மூன்று மணிக்குத் தண்ணீர் இறங்க மாட்டேன் என்று நிற்கிறது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது.

ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து மேசையில் உட்கார வேண்டும் என்று ஏற்பாடு, இன்று என் முறை. வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும், படங்களைத் தொடாதீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். காலையிலிருந்து பதினொரு பேர் வந்தார்கள். ஒரு கல்லூரிப் பெண் கூரையிலிருந்து தொங்கும் காலிக் குடங்களுக்குக் கீழே நின்று தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டு போனாள். அது கேசவனின் வேலை, நாற்பது பிளாஸ்டிக் குடம், நீலம் மஞ்சள் சிவப்பு, தூண்டில் நரம்பில் தொங்குகின்றன. ஏசி காற்றுக்கு ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன. அந்தச் சத்தம் தெரியும் எனக்கு. காலிக் குடம் இடிக்கிற சத்தம் ஒன்று, நிறைகுடம் படியில் விழுகிற சத்தம் வேறு, விழுந்து தண்ணீர் கொட்டிய பின் உருளுகிற சத்தம் இன்னொன்று. கேசவனுக்கு முதல் சத்தம்தான் தெரியும் போலிருக்கிறது, மற்றதைத் தொங்கவிட முடியாது. காதில் மாட்டிக் கேட்கிற கருவி ஒன்று மூலையில் இருக்கிறது, ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ஓசையாம், அரை நிமிஷம் கேட்டுவிட்டு எல்லாரும் கழற்றிவிடுகிறார்கள். பிறகு வரிசையாக என் சுவருக்கு வருகிறார்கள்.

என் சுவரில் ஒரே ஒரு படம், அதற்குக் கீழே தட்டு. படத்தில் ஒன்றும் இல்லை. மேலே கரிய நீலம், கீழே வரவர வெளுத்து, அடியில் காகிதத்தின் வெள்ளை. வாஷ் என்போம். சொல்ல எளிது. காகிதத்தை ஊறவைத்துப் பலகையில் ஒட்டி, பலகையைச் சற்றே சாய்த்து, அகலத் தூரிகையால் மேலிருந்து கீழாக வரிவரியாக நிறத்தை இறக்கிக்கொண்டே வரவேண்டும். ஒவ்வொரு வரியின் அடியிலும் நிறத்தண்ணீர் திரண்டு நிற்கும். அது காய்வதற்குள் அடுத்த வரி அதைத் தொட்டுவிட வேண்டும். தும்மினால் போயிற்று. வாசல் மணி அடித்து எழுந்தால் போயிற்று. திரும்பி வருவதற்குள் அங்கே ஒரு கோடு கட்டிக்கொள்ளும், அப்புறம் தலைகீழாக நின்றாலும் அந்தக் கோடு போகாது. இத்தனை பெரிய தாளுக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். நேற்று ஒரு பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்கு படுகிற தூரத்தில் நின்று பார்த்தாராம், ஓர் இடத்தில்கூட நிற்கவில்லையே, என்ன பொறுமை, என்ன ஒருமுனைப்பு என்றாராம். மிருணாளினி இரவு போன் செய்து சொன்னாள். ரொம்ப சந்தோஷம் என்றேன். பொறுமையாம்.

நானே ஊற்றுகிறேனோ? வேறு எப்படி மூன்று நாளாக அதே மட்டம்? இப்போதெல்லாம் என்னை நம்ப முடிவதில்லை. போன வாரம் இரண்டு டம்ளர் காபி கலந்து வைத்திருந்தேன். இரண்டாவது எப்போது கலந்தேன் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதையும் நானே குடித்தேன், வீணாக்குவானேன். தூரிகை கழுவிய தண்ணீரை எடுத்துக் குடிக்கப் போயிருக்கிறேன். அப்படி ஏதோ ஒரு கணத்தில் எழுந்து போய், அதோ அந்தக் குடிதண்ணீர் கேனின் குழாயைத் திறந்து பிடித்துவந்து, இதில் ஊற்றியிருப்பேனோ? ஊற்றிவிட்டுப் பேசாமல் வந்து உட்கார்ந்து கையெழுத்து வாங்கியிருப்பேனோ? ஆனால் நேற்றும் முந்தாநாளும் என் முறை இல்லை, மூன்று மணிக்கு வந்து கோடு இழுத்துவிட்டு உடனே போய்விட்டேன். போனேனா? பஸ் ஏறியது ஞாபகம் இருக்கிறது. எந்த நாளின் பஸ் என்று தெரியவில்லை. கையை முகர்ந்து பார்க்கிறேன், மெழுகு வாசனைதான். விரலைத் தட்டில் விட்டுப் பார்க்கலாம், சிரித்துக்கொண்டே நான்தான் தொடாதீர்கள் என்று சொல்ல வேண்டியவள். விடுகிறேன். ஈரமாக இருக்கிறது என்று கண் சொல்கிறது, விரல் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மாதமாக இந்த விரல்களுக்குச் சூடும் தெரிவதில்லை குளிரும் தெரிவதில்லை. டாக்டர் சர்க்கரை பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார், கவலையை விடுங்கம்மா என்றார். கவலை இருந்தால்தானே விட.

தட்டுக்கு அருகில் ஒட்டியிருக்கிற அட்டையில் ‘தண்ணீர், கண்ணாடி, பென்சில்’ என்று இருக்கிறது. என்ன தண்ணீர் என்று மிருணாளினி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அயனாவரத்தில் எங்கள் குடியிருப்பு மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது, கோடையில் குழாயில் காற்றுதான் வரும், வாரம் இரண்டு நாள் தெருவுக்கு லாரி வரும். லாரித் தண்ணீர் எப்போதும் பரந்தாமன் வேலை. என் வீட்டுக்காரர். எழும்பூரில் தபால் பிரிக்கிற இடத்தில் முப்பத்தோரு வருஷம் மூட்டை தூக்கியவருக்குக் குடம் என்ன பெரிய விஷயம் என்பார். இந்தத் தோளில் இந்தியா முழுக்கப் போன கடிதம் இருந்திருக்கு, உன் வீட்டுச் சாம்பாருக்குத் தண்ணி தூக்க மாட்டேனா என்பார். ஒரே மாதிரிக் கிண்டல்தான், முப்பது வருஷமாக. அன்று காலை தாளை நனைத்து ஒட்டிவிட்டேன். நிறம் கரைத்துக்கொண்டிருக்கும்போது லாரி ஹாரன். ஈரம் காயுறதுக்குள்ள முடிக்கணும், நீங்களே புடிச்சிடுங்க என்றேன். மகாராணி உத்தரவு என்று சொல்லிவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். வழக்கமாகப் படியில் பாதித் தூரம் நான் இறங்கிப்போய் வாங்கிக்கொள்வேன், அவர் அடுத்ததற்குப் போவார், அதுதான் எங்கள் முறை. அன்று முறை இல்லை. ஒவ்வொன்றாக அவரே மூன்றாம் மாடி வரை கொண்டுவந்து வைத்தார். நிறம் சரியாகக் கரைந்து நான் முதல் வரியை இழுத்தபோதே பாதிக்கு மேல் வந்துவிட்டது. வாசலில் குடம் இறங்குகிற சத்தம், மூச்சு, செருப்பு. எண்ணவேண்டும் என்று எண்ணவில்லை, ஆனால் எண்ணியிருக்கிறேன். ஒன்பது.

பத்தாவது இரண்டாம் மாடி வரை வந்தது. சுகு, ஒரு கை குடேன் என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எழுந்திருப்பேன் என்று எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். சாதாரணமாகத்தான் கூப்பிட்டார், உப்பு எங்கே வெச்சிருக்கே என்று கேட்கிற குரலில். எனக்குக் கேட்டது. தாளில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருந்தது, வரியின் அடியில் நீலம் திரண்டு நின்றது, அதுவரை இவ்வளவு சுத்தமாக ஒரு வாஷ் எனக்கு இறங்கியதே இல்லை. இதோ என்றேன். அடுத்த வரியை இழுத்தேன். குடம் விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. போட்டுட்டாரா, சரிதான், ஒரு குடம் போச்சு என்று நினைத்தேன். அப்படியேதான் நினைத்தேன், எரிச்சலோடு. இன்னும் ஒரு வரி. இன்னும் ஒன்று. நாலு நிமிஷம். அடி விளிம்புக்கு வந்து தூரிகையைத் தூக்கினபோது இரண்டாம் மாடிப் பெண் அக்கா அக்கா என்று அலறிக்கொண்டு ஏறி வந்தாள். இறங்கினேன், படியெல்லாம் ஈரம், வழுக்குமே என்று சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அவ்வளவு ஜாக்கிரதை. இதயம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். நாலு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா என்று டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் எந்த நாலு நிமிஷம் என்பார்.

அன்று வந்த சனத்துக்குக் காபி போட்டது அந்தத் தண்ணீரில்தான். சாயங்காலம் அவரைக் குளிப்பாட்டியதும் அந்தத் தண்ணீரில்தான். அவர் தூக்கி வந்த தண்ணீரை அவர் தலையிலேயே ஊற்றினார்கள். குழாயில் வரவில்லையே, வேறு என்ன செய்வார்கள், என் கொழுந்தனார்தான் வாசலில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எட்டுக் குடம் காலி. ஒன்பதாவது கதவுக்குப் பின்னால் இருந்தது, யார் கண்ணிலும் படவில்லை. பச்சைக் குடம். பதினாறாம் நாள் எல்லாரும் போன பின் கதவைச் சாத்தும்போது பார்த்தேன். தட்டு போட்டு மூடி அங்கேயே விட்டுவிட்டேன். ஊற்றவும் மனசில்லை, குடிக்கவும் மனசில்லை. வைத்துக்கொள்ளவும் பயம், ராத்திரி அந்தக் கதவுப் பக்கம் போக மாட்டேன். மிருணாளினி தண்ணீர் பற்றி ஏதாவது செய்யுங்கள் என்றபோதுதான் இந்த யோசனை வந்தது. நான் கொட்ட வேண்டாம். அதுவாகப் போகட்டும். ஒரு நாளைக்கு ஒரு காசு கனம், யாருக்கும் தெரியாமல், பத்து நாளில் அதுவாகக் காற்றில் போய்விட்டால் நான் வீட்டுக்குப் போய்க் கதவை முழுசாகத் திறந்து வைக்கலாம். அதற்குத்தான் இந்த நாடகமெல்லாம். படத்தைப் பக்கத்தில் மாட்டச் சொன்னது மிருணாளினி, அதில் என் பங்கு இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பேசும் மேம் என்றாள். பேசும்தான். எழுந்து போயிருந்தால் அந்தப் படத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும். கோடு இல்லை. எல்லாரும் வந்து கிட்டத்தில் நின்று பார்த்து, கோடே இல்லை என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அது போகவில்லை. மூன்று நாளாகப் போகமாட்டேன் என்கிறது. ஒருவேளை அவர் போக மாட்டேன் என்கிறாரோ என்று ஒரு நினைப்பு, சே, என்ன பைத்தியக்கார நினைப்பு. தண்ணீர் தண்ணீர்தான். ஏசியைக் குறைத்து வைத்திருப்பார்கள். மழைக்காற்றாக இருக்கும். மழையா, இந்த வெயிலிலா. குடங்கள் இடித்துக்கொள்கின்றன. நாலு மணி.

பூங்காவனம் வந்தாள். காலை மாலை இரண்டு வேளையும் இந்தக் கூடத்தைப் பெருக்கித் துடைக்கிறவள், இந்த வீடு வீடாக இருந்த காலத்திலிருந்து இங்கேயே வேலை செய்கிறாளாம். வாளியை வாசல் நிலைப்படிக்கு உள்ளே வைத்தாள், வெளிக்குழாயின் ரப்பர் டியூபை விட்டு நிரப்பினாள், துடைக்கிற துணியை அதில் போட்டாள். கேன் குழாயில் ஒரு சொம்பு பிடித்தாள். குடிக்கத்தான் என்று நினைத்தேன். நேரே தட்டுக்கு வந்தாள். இடது கையால் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, சொம்பைச் சாய்த்து, ஓரமாக, தெறிக்காமல், மெல்ல ஊற்றினாள். நான் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல நேரம் இருந்தது. வாய் திறக்கவில்லை. ஊற்றி முடித்துக் குனிந்து என் கோட்டைப் பார்த்தாள், போதாது என்று பட்டிருக்க வேண்டும், திரும்பிப் போய் அரைச் சொம்பு கொண்டுவந்தாள். அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.

“என்ன பண்றீங்க, பூங்காவனம்?”

“கொறஞ்சிக்கினே போவுதும்மா. எங்கியோ ஒழுவுதுன்னு நெனைக்கிறேன். நீ தெனமும் வந்து கோடு போட்டுப் பாத்துட்டுப் போறே, மூஞ்சே செத்துப்போவுது. அதான் ரெண்டு மூணு நாளா ஊத்திக்கினு வரேன். மறுநா நீ வர்றப்போ ஒன் கோட்டுலயே நிக்கிற மாரி பாத்துதான் ஊத்தறேன். நல்ல தண்ணிதான், கேன் தண்ணி.”

“அது கொறையணும்னுதான் வெச்சேன்.”

“கொறையணும்னா?” சொம்பைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். “கொட்டிட்டா போச்சு. நான் வேணா மொண்டு கொட்டவா?”

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். எதைக் கொட்டுவாய், எது உன் தண்ணீர், எது அவருடையது, நாளுக்கு ஒன்றரை என்று மூன்று நாளில் நாலரைச் சொம்பு கலந்துவிட்டது. பிரிக்க முடியாது. “அது என் வீட்டுக்காரர் கடைசியா புடிச்ச தண்ணி,” என்றேன். எட்டு மாதத்தில் முதல் தடவை சத்தமாகச் சொல்கிறேன். என் குரல் கூடத்தில் மோதித் திரும்பியது. பூங்காவனம் சொம்பைக் கீழே வைத்துவிட்டு வாயில் கை வைத்தாள். ஐயோ, தெரியாம பண்ணிட்டேன்மா, தெரிஞ்சா தொட்டிருப்பேனா என்றாள். பரவாயில்லை என்றேன். பரவாயில்லை என்றுதான் இருந்தது, அதுதான் ஆச்சரியம். எங்கேயோ ஒரு முடிச்சு, இழுத்தால் வலிக்கும் என்று தெரிகிறது, இழுக்கத்தான் கை வரவில்லை.

வேலை வேலைதானே, அவள் வாளியை இழுத்துக்கொண்டு போய்த் துணியைப் பிழிந்து உள்சுவரில் ஆரம்பித்தாள். கருப்புச் சிமெண்டுத் தரை, பழைய நாள் மெருகு, கூரையில் தொங்குகிற குடங்கள் அதில் தெரியும். உள்ளிருந்து வாசலை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே துடைப்பாள். என் நாற்காலியைச் சுற்றித் துடைத்தபோது காலைத் தூக்கிக்கொண்டேன், மேசைக்கு அடியில் கழற்றி வைத்த செருப்பை எடுத்து மேலே வைத்தாள். பூங்காவனம், ஒரு நிமிஷம் நில்லுங்களேன் என்றேன். “சொல்லும்மா, காது இங்கதான் கீது. நடுவுல நிறுத்தினா இந்தத் தரையில கோடு கட்டிக்கும். அப்புறம் திட்டுவாங்க.” திரும்பவில்லை. வலம் இடம், வலம் இடம், ஈரத்தின் விளிம்பு காய்வதற்குள் அடுத்த வீச்சு அதைத் தொட்டுவிடுகிறது. நான் பார்த்தேன். எத்தனை வருஷமாக இப்படித் துடைக்கிறாளோ. அந்த முதுகிடம் சொன்னேன், முகமாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

“அவர் மாடிப்படியில இருந்து கூப்பிட்டாரு. குடம் தூக்க முடியல, ஒரு கை குடுன்னு. எனக்குக் கேட்டுச்சு.”

துணி நிற்கவில்லை. “கேட்டு?”

“வரைஞ்சிக்கிட்டு இருந்தேன். எழுந்தா கோடு விழுந்துடும். முடிச்சிட்டுத்தான் போனேன்.”

வாளியில் துணியை முக்கினாள், பிழிந்தாள், இன்னொரு வீச்சு. கூடத்தின் பாதிக்கு மேல் வந்துவிட்டாள். அப்போதுதான், கை துடைத்துக்கொண்டே இருக்க, தலையை மட்டும் தூக்கி என் சுவரைப் பார்த்தாள்.

“இதுவா?”

“இதுதான்.”

ரொம்ப நேரம் பார்த்தது போலிருந்தது, இரண்டு வீச்சு நேரம்தான் இருக்கும். விதி என்பாள் என்று நினைத்தேன். உனக்கென்னம்மா தெரியும், வரவேண்டிய நேரம் வந்துச்சு என்பாள். எல்லாரும் வைத்திருக்கிற வார்த்தைகள் அவளிடமும் இருக்கும். அதற்காகத்தான் சொன்னேனோ என்னவோ.

“நல்லாதான் வந்துகீது,” என்றாள். அவ்வளவுதான். குரலில் குத்தலும் இல்லை, ஆறுதலும் இல்லை. துடைக்கத் தெரிந்தவள் சொன்னாள்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ஆமாம், நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதுதான் கொடுமை, இதுவரை நான் செய்ததிலேயே நன்றாக வந்தது அதுதான், அந்த நாலு நிமிஷத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குடம் உருண்ட பிறகும் இருந்தது. இதைத்தான் எட்டு மாதமாகக் கதவுக்குப் பின்னால் தட்டு போட்டு மூடி வைத்திருந்தேன், தண்ணீரை அல்ல. சந்தோஷமாக இருந்தேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்கிறேன், மரம் சூடாக இருக்கிறது, என் உள்ளங்கைச் சூடாக இருக்கும்.

பூங்காவனம் வாசல் வரை போய்விட்டாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் கூடம் முழுக்க ஒரே ஈரம், ஒரு இடத்தில்கூடக் கோடு இல்லை, அதில் நாற்பது குடம் தலைகீழாகத் தெரிகின்றன. காய்வதற்குப் பத்து நிமிஷம் ஆகும், அதுவரை யாரும் கால் வைக்கக் கூடாது. பழைய வீட்டு நிலைப்படி, முழங்கால் உயரம். வாளியைத் தூக்கிப் பார்த்தாள், நிலைப்படிக்கு மேல் வரவில்லை. இறக்கி வைத்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு கை குடேம்மா,” என்றாள்.

எழுந்துவிட்டேன். எழுந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது, நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது, நான் ஈரத்தின் நடுவில் இருந்தேன், வெறுங்காலோடு, ஓட்டமா நடையா என்று தெரியவில்லை, ஒரு தரம் வழுக்கியது, எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

“ஐயய்யோ! இன்னாம்மா நீ! சுத்தி அந்த வராண்டா வழியா வந்திருக்கலாமில்ல? காயட்டும்னு நின்னிருந்தாகூட நான் இன்னா ஓடியா பூடுவேன்? பாரு, நட்ட நடுவுல அடி அடியா மிதிச்சு வெச்சிருக்கே. இனி ஃபுல்லா மறுபடியும் போடணும்.”

“வேணாம். அப்படியே காயட்டும்,” என்றேன். வாளிப் பிடியின் இந்தப் பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன், அந்தப் பக்கத்தை அவள். கனமாக இருந்தது. தரை சில்லென்று இருந்தது.